மேசையில் தூக்கிய கை

அன்று காலை பதினேழு பாராசூட் குடைகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

விமானத் திடலுக்குப் போகும் வண்டியில் பாராசூட்டுகள் பொட்டலம் பொட்டலமாக அடுக்கிப் போகும். வீரர்கள் குதித்து முடித்தபின் புல்லும் மண்ணும் ஒட்டிக்கொண்டு அழுக்குத்துணி மூட்டை மாதிரி வரும். மடித்தது மடித்தபடி திரும்புவது மழை நாளில் மட்டும்தான். அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

குடைகளை மடிக்கும் இஸ்திரி ஒரு பொட்டலத்தைத் தூக்கி, அதன் பக்கவாட்டுப் பையிலிருந்த மடிப்பு அட்டையை உருவிப் பார்த்தார். மடித்தவர் என்ற இடத்தில் அவருடைய கையெழுத்து. அடுத்ததிலும் அதே கையெழுத்து. ஐந்தாவதற்குப் பிறகு அவர் அட்டையை உருவவில்லை.

மடிப்புக்கூடத்தில் அவருக்கு இஸ்திரி என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாக அந்த நீண்ட மேசையில் பாராசூட் மடிப்பவர். அவர் மடித்த பொட்டலத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. 'ஊர்த்துணியெல்லாம் மடிக்கிறவருக்குத் தன் சட்டையை மடிச்சு வைக்கத் தெரியாது' என்று அவர் மனைவி சொல்லிக் காட்டுவாள்.

வண்டியை ஓட்டி வந்த டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"பசங்க வேற எடுத்துக்கிட்டாங்க சார்."

"ஏன்?"

"அட்டைய உருவிப் பாத்தாங்க. உங்க கையெழுத்துன்னா கீழ வச்சுட்டு அடுத்தது எடுத்தாங்க. மளிகைக் கடைல தேதி பாத்து வாங்குற மாதிரி." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். "நான் ஒண்ணும் சொல்லல சார். எனக்கு வண்டி ஓட்டுறது மட்டும்தான்."

கூடத்தில் ஆறு மேசைகள். ஆறிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. மூன்றாம் மேசையில் இருந்த ஒட்டடை மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று வளர்ந்தவன். இருந்த இடத்திலிருந்தே கூரையைத் தொடுவான். இஸ்திரிக்கு இரண்டு வருடம் இளையவன். அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

*

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குடைக்கு இருபத்தெட்டுக் கயிறுகள். விரலில் எண்ணிக்கொண்டே அவற்றைப் பிரித்து வகிர வேண்டும். ஒன்று மாறினாலும் ஆகாயத்தில் கயிறு கயிற்றின் மேல் ஏறிக்கொள்ளும். எண்ணும்போது எண்ணிக்கை தவறிவிட்டால், தவறியதா என்று சந்தேகம் வந்தால்கூட, மடிப்பவர் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி 'நிறுத்தம்' என்பார். உடனே மேற்பார்வையாளர் வந்து எதுவும் கேட்காமல், துணி நகராதிருக்க மேசையில் வைத்த ஈயக்குண்டுப் பைகளை எடுத்துவிடுவார். துணி முழுதும் பிரிக்கப்பட்டு வேலை முதலிலிருந்து தொடங்கும். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. யாரும் சிரிப்பதில்லை. ஒரே நாளில் நான்கு முறை கை தூக்கியவர்களும் உண்டு. அன்று மாலை அவர்களோடு சேர்ந்து எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

உலகத்தில் நல்லதாக ஏதாவது ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான் என்று இஸ்திரி நினைத்திருந்தார். அவர் செய்த தவறும் அதுதான். கூடத்துக்கு வெளியிலும் அந்த வழக்கம் உண்டு என்று நம்பிவிட்டார்.

நான்கு வருடத்துக்கு முன், எல்லையில் ஏழு வாரம் சண்டை நடந்தபோது, மடிப்பவர்களுக்கு வேலை இல்லை. யாரும் குதிக்கவில்லை. ஓர் அதிகாரி அவரைப் பார்த்து, "உனக்குத்தான் மடிக்க வருமே" என்று சொல்லி, ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறைக்கு அனுப்பினார். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். கால் பக்கத்தை முதலில் மடக்க வேண்டும். பிறகு இடது, பிறகு வலது. கடைசியில் முகம். நாற்பத்தொரு பேரை அப்படி மடித்தார். சுருக்கமே இல்லாமல் மடித்ததாக அந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபின் மேசையில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே கை கல் மாதிரி நிற்கும். வீட்டில்தான் அது வந்தது. அவருடைய மகளுக்கு எட்டு வயது. முகம்வரை போர்வையை இழுத்துப் போர்த்தி, கால் பக்கத்தை உள்ளே செருகிக்கொண்டு தூங்குகிறவள். ஒரு நாள் விடியும் நேரத்தில் அவர் அவள் கட்டிலருகே நின்று போர்வையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எதற்குப் பிடுங்குகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. குழந்தை போட்ட கூச்சலில் மனைவி ஓடி வந்தாள். அடுத்த வாரமும் அதே நடந்தது. அதன்பின் குழந்தை போர்வை இல்லாமல், குளிரில் முழங்காலைக் கட்டிக்கொண்டு தூங்கக் கற்றுக்கொண்டாள். அதைப் பார்த்த அன்றுதான் மனைவி சொன்னாள்: "யாரையாவது போய்ப் பாருங்க. நான் உங்களக் குத்தம் சொல்லலங்க. பாருங்கன்னுதான் சொல்றேன்."

கூடத்து நடையில் ஒரு சுவரொட்டி இருந்தது. உதவி கேட்பதும் வீரமே என்று எழுதி, கீழே மனநல மருத்துவரின் அறை எண் போட்டிருந்தது. அச்சடித்து ஒட்டியதை நம்பாமல் இருக்க அவருக்குப் பழக்கமில்லை. மடிப்பு அட்டையில் அச்சாகியிருப்பதை நம்பித்தானே இத்தனை பேர் விமானத்திலிருந்து காலை வெளியே வைக்கிறார்கள்?

மருத்துவர் இளம் பெண். இஸ்திரி சொல்லச் சொல்ல, எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "இங்க பேசுறது இந்த நாலு சுவத்தத் தாண்டாது சார்" என்றாள். ஐந்து முறை போனார். மூன்றாவது முறைக்குப் பிறகு, நான்கு வருடத்தில் முதல் தடவையாக, இரவில் கொஞ்சம் தூங்கினார்.

நாலாவது முறை போய்விட்டு வந்தபோது ஒட்டடை வாசலில் காத்திருந்தான்.

"அண்ணே, பல்லு வலிக்குன்னு சொல்லிட்டுப் போறீங்களாமே. பல்லு டாக்டர் ரூம் அந்தப் பக்கம்."

"நான் பல்லுன்னு சொல்லல. பதிவேட்டுல போற இடத்தத்தான் எழுதிட்டுப் போனேன்."

ஒட்டடை சிரிக்கவில்லை. "அப்படியே எழுதுனீங்களா? இங்க பல்லுன்னு எழுதிட்டுப் போறவன் எத்தன பேர்னு தெரியுமா? கணக்குப் பாத்தா இந்தப் படையில ஒருத்தனுக்கும் ஒரு பல்லு மிஞ்சாது." பிறகு குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் தூக்கமில்லண்ணே. அந்த அம்மா எந்த நாள்ல இருப்பாங்க?"

இஸ்திரி ஒரு துண்டுத்தாளில் கிழமையும் நேரமும் எழுதிக் கொடுத்தார்.

குடைகள் திரும்பி வந்த அன்று மாலை, கூடத்தில் அவர் சாமான் வைக்கும் பூட்டுப் பெட்டியின் இடுக்கு வழியே அந்தத் தாள் உள்ளே தள்ளப்பட்டிருந்தது. நான்காக மடித்திருந்தது. ஓரம் ஓரத்தோடு பொருந்தாத மடிப்பு. யார் மடித்தது என்று கேட்கத் தேவையில்லை.

*

மறுநாள் மேஜர் கூப்பிட்டனுப்பினார். கோபக்காரர் இல்லை. உட்காரச் சொன்னார். தண்ணீர் வரவழைத்தார். அதுதான் இஸ்திரிக்குப் பயமாக இருந்தது.

"உங்க வேலைல ஒரு குறையும் இல்ல. பதினெட்டு வருஷத்துல ஒரு புகார் இல்ல. ஆனா பசங்களுக்கு நம்பிக்க வேணும், இல்லையா? கதவுல நின்னு குதிக்கிறவன் மனசுல ஒரு துளி சந்தேகம் வந்தா அவன் கெட்டான்."

"புரியுது சார்."

"நீங்க மடிச்சு அலமாரில இருக்குற அறுபத்திரண்டயும் பிரிச்சு வேற ஆள வச்சு மடிக்கச் சொல்லிருக்கேன். இனி நீங்க மேசைக்கு வர வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க."

இஸ்திரி தன் கைகளைப் பார்த்தார். அவை முழங்கால்மேல் அசையாமல் கிடந்தன. நடுங்கினாலாவது பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது.

"சார், விதில ஒண்ணு இருக்கு. மடிக்கிறவன் மடிச்சதுல எத வேணாலும் எடுத்து, அவனையே குதிக்கச் சொல்லலாம். அந்த அறுபத்திரண்டுல நீங்களே ஒண்ணு எடுங்க. கண்ண மூடிட்டு எடுங்க. பசங்க எல்லாரும் பாக்கட்டும். நான் குதிக்கிறேன்."

மேஜர் கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். "சிகிச்சைல இருக்குறவங்க குதிக்கக் கூடாது. அதுவும் விதிதான்."

"அப்ப நான் எப்படி சார் நிரூபிக்கிறது?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கோப்பின் தாள்கள் காற்றில் எழும்ப, மேஜர் உள்ளங்கையால் அவற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு மிகவும் அக்கறையாகக் கேட்டார்:

"பொண்ணு இப்ப எப்படித் தூங்குறா? போர்வ போத்திக்கிறாளா?"

இஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். மேஜரின் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே விசாரித்தார். போர்வை விஷயம் மருத்துவர் அறையின் நாலு சுவருக்குள் மட்டுமே சொன்னது.

வெளியே வரும்போது நடையில் மருத்துவர் எதிரே வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "படிவம் கேட்டாங்க சார். குடுக்காம இருக்க முடியல" என்றாள். அவர் சரி என்று தலையாட்டினார். சுவரொட்டி அங்கேயே இருந்தது. அதன் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. பழக்க தோஷத்தில் அதை அழுத்தி ஒட்டிவிட்டு நடந்தார்.

*

மேற்பார்வையாளர்தான் அந்த வழியைக் கொண்டுவந்தார். நல்ல மனிதர், இஸ்திரிக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். "ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடுப்பா. வயித்துக் கோளாறால தூக்கம் வரல, அத நான்தான் பெருசா சொல்லிட்டேன், மத்ததெல்லாம் வாய்க்கு வந்தத சொன்னதுன்னு. சிகிச்சையே இல்லன்னு ஆயிடும். ஆறு மாசத்துல மேசைக்கு வந்துடலாம்."

தாளை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். மனைவி பாத்திரம் தேய்த்த ஈரக்கையோடு வந்து படித்தாள். அவளுக்கும் அந்த வாரம் நன்றாகப் போகவில்லை. எதிர்வீட்டுப் பெண் தன் மகனை இனி தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதாகச் சொல்லிவிட்டாள். மூன்று வருடமாக இரண்டு குழந்தைகளையும் இஸ்திரிதான் சைக்கிளில் கொண்டுபோனார்.

"போட்டுடுங்க."

"பொய்யில்லையா?"

"பொய்தான். என்ன இப்ப? நான்தான போகச் சொன்னேன். என் வாயில மண்ணப் போட்டுக்கறேன், போதுமா? கையெழுத்தப் போடுங்க."

"நான் இதுவரைக்கும் நடக்காததுக்குக் கையெழுத்துப் போட்டதில்ல."

அவள் உட்கார்ந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இருவரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குழந்தை பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது. ஒரே வரியைத் திரும்பத் திரும்ப. "அந்த மேசை இல்லாம நீங்க இருக்க மாட்டீங்க" என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாதா?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் உத்தரவு வந்தது. தன் உடல்நிலை குறித்து உண்மைக்குப் புறம்பாகக் கூறியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால், கையெழுத்துப் பொறுப்புள்ள பணிகளுக்கு இவர் உகந்தவர் அல்ல. உலர்த்தும் கோபுரத்துக்கு மாற்றப்படுகிறார்.

மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, "இப்படி ஆகும்னு நான் நினைக்கலப்பா" என்றார். அவர் நினைத்திருக்க மாட்டார் என்பது இஸ்திரிக்கும் தெரியும்.

*

கோபுரம் கூடத்தை ஒட்டியே இருந்தது. உயரமான வெற்றுச் சுவர்கள், உச்சியில் ஒரு நீளக் கீற்று ஜன்னல். குதித்து வந்த குடைகளின் புல்லைப் பொறுக்கி, கப்பியில் மாட்டி மேலே ஏற்றி, காய்ந்ததும் இறக்கி, கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. இருபது தொங்கும்போது தலைக்கு மேலே வெள்ளைத் துணி மட்டும்தான் தெரியும். முதல் வாரம் அவர் மேலே பார்க்காமல் வேலை செய்யப் பழகினார். மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டிருந்தார். போனால் கடிதம் பொய்யாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ந்த குடையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்து வாசலுக்கு வந்தார். மூன்றாம் மேசையில் ஒட்டடை கயிறு எண்ணிக்கொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது. தூங்கி எத்தனை நாளோ. அடுத்த மேசையில் ஒருவன், "இஸ்திரிய மேல மாட்டித் தொங்கவிட்டுட்டாங்கடா, காயுறாரு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஒட்டடையின் விரல்கள் நின்றன.

பதினொன்றிலா பன்னிரண்டிலா என்று இஸ்திரிக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நிற்றல் அவருக்குத் தெரியும். பதினெட்டு வருடமாகத் தன் விரல்களில் பார்த்தது. ஒட்டடையின் வலது கை மேசையிலிருந்து எழுந்தது. தோள்வரை வந்தது. அங்கே கொஞ்சம் தயங்கி, காதைச் சொறிந்துவிட்டுக் கீழே இறங்கியது. விரல்கள் மறுபடி ஓடின.

இஸ்திரி வாசலில் நின்றபடியே கையைத் தூக்கினார். தோளிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது.

"நிறுத்தம்."

ஆறு மேசையும் திரும்பிப் பார்த்தது.

"உனக்கு இங்க மேசையே இல்லையேப்பா" என்றார் மேற்பார்வையாளர்.

"எனக்கில்ல. மூணாம் மேசைக்கு."

மேற்பார்வையாளர் ஒட்டடையிடம் போனார். குண்டுப் பைகளில் கை வைத்தார். எடுக்கவில்லை. "ஏதாவது சந்தேகமா?" என்று கேட்டார். அந்தக் கூடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டு இஸ்திரி கேட்டதில்லை.

"இல்ல சார்" என்றான் ஒட்டடை, துணியைப் பார்த்துக்கொண்டு. "எல்லாம் சரியா இருக்கு. அவருக்குத்தான்..."

அவன் முடிக்கவில்லை. யாரோ மூக்கால் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. கொஞ்சம் பாவம் பார்த்த சிரிப்புதான். தூக்கிய கைக்கு அந்தக் கூடம் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஒட்டடை மடித்து முடித்து, கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டான். நாற்பத்தாறாம் எண் பொட்டலம் அலமாரிக்குப் போனது.

மதிய இடைவேளையில் ஒட்டடை கோபுரத்துக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"மன்னிச்சுடுங்கண்ணே."

"அத விடு. போய்ப் பிரிச்சுப் பாரு. நான் யாருகிட்டயும் வாய தொறக்க மாட்டேன்."

"பிரிச்சா அட்டைல எழுதணும். எழுதுனா ஏன்னு கேப்பாங்க."

"முன்னால யாரும் கேட்டதில்லையேடா."

"முன்னால." ஒட்டடை சுவரைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு ரெண்டு பிள்ளைங்கண்ணே. அவசரத்துக்குன்னு நெஞ்சுல ஒரு சின்னக் குடை இருக்குல்ல குதிக்கிறவனுங்களுக்கு? ஒண்ணும் ஆகாது. ஒருவேள சரியாத்தான் எண்ணுனேனோ என்னவோ."

வியாழக்கிழமை காலை வண்டி புறப்படும்போது இஸ்திரி டிரைவரிடம் போனார். "நாப்பத்தாற ஏத்தாதப்பா. ஒரு ஓரமா வச்சுடு." டிரைவர் அவரைப் பார்த்தான். குழந்தையிடம் பேசுகிற குரலில், "சரி சார். வச்சுடறேன். நீங்க போய் உக்காருங்க" என்றான். வண்டி கிளம்பியபோது நாற்பத்தாறு மேல்வரிசையில் இருந்தது.

அவர் கோபுரத்தின் இரும்பு ஏணியில் ஏறி, கீற்று ஜன்னல் வழியே பார்த்தார். விமானம் வந்தது. அதன் வாலிலிருந்து புள்ளிகள் உதிர்ந்தன. ஒவ்வொன்றாக விரிந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. பதினாறாவது விரியவில்லை. கசக்கிய தாள் மாதிரி சுழன்றுகொண்டு இறங்கியது. அவர் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் அது ஒரு உதறு உதறி விரிந்துகொண்டது. பிறகு மற்றவற்றைப் போலவே சாவகாசமாக மிதந்தது. கீழே நின்றவர்கள் யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். குதித்த இருபத்துநான்கு பேரும் நடந்து வந்தார்கள்.

அவர் ஏணியிலேயே வெகு நேரம் இருந்தார். உயிர் போகாததற்கு அவர் உடம்பு முழுதும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. அதே உடம்பு, இனி அந்தக் கூடத்தில் யாருடைய கையும் எழாது என்பதையும் அறிந்துகொண்டது. ஒட்டடை எழுந்த கையைக் கீழே போட்டான், ஒன்றும் ஆகவில்லை. கையைத் தூக்கியவர்தான் கோபுரத்தில் இருக்கிறார்.

மதியம் குடைகள் வந்தன. அவர் நாற்பத்தாறைத் தேடி எடுத்துத் தரையில் விரித்தார். பதினொன்றாம் கயிறு பன்னிரண்டின்மேல் ஏறி, உராய்ந்த இடம் கருகியிருந்தது. விரலால் தொட்டால் இன்னும் சொரசொரப்பாக இருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துப் பக்கம் பார்த்தார். சுவருக்கு அப்பால் குண்டுப் பைகள் மேசையில் விழும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அன்று காலையிலிருந்து ஒரு தடவைகூட அந்தச் சத்தம் நிற்கவில்லை.

இதைக் கொண்டுபோய்க் காட்டலாம். யார் பிரித்தது என்று கேட்பார்கள். யார் கயிற்றை மாற்றிப் போட்டது என்றும் கேட்பார்கள்.

பன்னிரண்டின் மேலிருந்து பதினொன்றை விலக்கி எடுத்தார். கருகிய இடத்தில் ஓர் அடையாளச் சீட்டைக் கட்டி, அதில் 'மாற்றுக' என்று எழுதினார். கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரமில்லை; போடவில்லை. துணியைக் கொக்கியில் மாட்டி, கப்பிக் கயிற்றைப் பிடித்தார். வெள்ளைத் துணி தரையை விட்டு எழுந்து அவர் முகத்தைத் தொட்டுக்கொண்டு மேலே போனது. இரண்டு கைகளும் தலைக்கு மேல் தூக்கியிருக்க, அது உச்சிக்குப் போய்ச் சேரும்வரை அவர் இழுத்துக்கொண்டே நின்றார்.